வரப்பும் நண்டு வளையும்: விமான இன்ஜின் பேஃபிளை அடைப்பது எப்படி?

பிசான நெல் நிற்கும் வயலில் மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு, வரப்பில் ஒரு மடை. தண்ணீர் மடை வழியாக மட்டும் இறங்க வேண்டும். வரப்பில் நாலு நண்டு வளை இருந்துவிட்டால் மடையில் போகிற தண்ணீர் குறையும், மேல் வயலிலும் மட்டம் நிற்காது. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் மம்பட்டி பிடித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் கட்டும் சிறு விமானத்தின் இன்ஜின் குளிர்வதும் இதே கணக்கில்தான். இங்கே தண்ணீர் இருக்கும் இடத்தில் காற்று. வரப்பு இருக்கும் இடத்தில் பேஃபிள் என்கிற மெல்லிய அலுமினியத் தகடுகள். சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களின், அதாவது சூட்டை வெளியேற்றும் மெல்லிய உலோக இதழ்களின், சந்துதான் மடை.

இந்தக் கட்டுரை லைக்கமிங் ஓ-320, ஓ-360, கான்டினென்டல் ஓ-200 போன்ற, முழுக்கக் காற்றால் குளிரும் இன்ஜின்களைப் பற்றியது. ரோட்டாக்ஸ் 912-இல் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட் தண்ணீரில் குளிரும், சிலிண்டருக்கு மட்டுமே காற்று. அதன் ஏற்பாடு வேறு.

காற்று எந்த வழியாகப் போகிறது?

புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரில் வரிவரியாக ஃபின்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காற்று பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும், அது போதும். விமான இன்ஜின் கௌலிங் என்ற மூடிக்குள் இருக்கிறது. ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் உள்ள இரண்டு வாய்களில் காற்று நுழைந்து சிலிண்டர்களுக்கு மேலே தேங்கும். அது மேல் வயல். அங்கிருந்து ஃபின்களின் நடுவே கீழே இறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு, கௌலிங்கின் அடிவாய் வழியாக வெளியேறும். மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் பேஃபிளின் வேலை. பின்பக்கம் ஒரு சுவர், இரு பக்கமும் சுவர், முன்னால் வாய்களை ஒட்டிய துண்டுகள். இவற்றுக்கு மேல்மூடியாக இருப்பது கௌலிங்கின் மேல்பாதியே.

இதில் புதியவர்கள் பலர் தடுமாறுவார்கள். கௌலிங்கைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டினால் நன்றாகக் குளிரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மூடி இல்லையென்றால் மேல் வயலே இல்லை. ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று ஃபின்களுக்குள் இறங்காமல் தலைக்கு மேலாகவே பறந்து போய்விடும்.

மேல் வயலின் ‘நீர்மட்டம்’ எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டும் என்பது புரியும். விமானம் 80 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 148 கி.மீ. வேகத்தில் மேலே ஏறுகிறது என்று வையுங்கள். காற்று நேராக மோதுவதால் கடல்மட்டத்தில் கிடைக்கக்கூடிய முழு அழுத்தமே ஏறத்தாழ 10.5 செ.மீ. உயரத் தண்ணீர்தான். ஒரு எவர்சில்வர் டம்ளர் உயரம். வாயில் நுழையும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு நான்கு சிலிண்டரையும் குளிர்விக்க வேண்டும். அந்தக் காற்றுக்கு ஃபின் சந்து நெருக்கமான வழி. பக்கத்தில் ஒரு விரல் நுழையும் ஓட்டை இருந்தால் அதுதான் சுலபமான வழி, முதலில் அங்கேதான் போகும்.

பேஃபிளின் விளிம்பு முழுக்க 2 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறது, மொத்த நீளம் 2 மீட்டர் என்றால் அது 40 சதுர செ.மீ. கோவில்பட்டித் தீப்பெட்டிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்த அளவைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. கண்ணுக்கு அது ஓட்டையாகவே தெரியாது, ஒரு கோடு மாதிரிதான் இருக்கும்.

நம் ஊர் வெயில் இதில் தனியாக ஒரு பங்கு கேட்கும். இன்ஜின் கணக்குகள் 15 டிகிரி செல்சியஸ் என்ற நிலையான வெப்பத்தை வைத்துப் போடப்பட்டவை. சித்திரை வெயிலில் 38 டிகிரி என்றால், நுழையும் காற்றே 23 டிகிரி கூடுதல் சூட்டோடு வருகிறது. தோராயமாக அந்த அளவுக்கு ஹெட்டின் சூடும் ஏறும். காற்றின் அடர்த்தியும் 7 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். லைக்கமிங் ஹெட்டின் உச்ச வரம்பு 260 டிகிரி (500 ஃபாரன்ஹீட்). ஆனால் இன்ஜின் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் 224-ஐத் தாண்டாமல் ஓட்டச் சொல்கிறார்கள். 204-க்குள் (400 ஃபாரன்ஹீட்) வைத்துக்கொள்வது நல்லது. குளிர்நாட்டில் அரைகுறை அடைப்போடு தப்பித்துவிடுகிற விமானம் வள்ளியூர் வெயிலில் தப்பாது.

தகட்டை எங்கே வெட்டுவது?

பேஃபிள் தகடு கௌலிங்கைத் தொடவே கூடாது. இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, கௌலிங் ஆடுவதில்லை. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஆட்டம் அதிகம். தகடு தொட்டால் ஃபைபர் கௌலிங்கை ரம்பம் மாதிரி அறுத்துவிடும். அதனால் தகட்டுக்கும் கௌலிங்குக்கும் நடுவே 10 முதல் 12 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியை வளையும் ரப்பர் பட்டையால் மூட வேண்டும்.

அளவெடுக்க ஜெம் கிளிப் போதும். தகட்டை முதலில் உயரமாகவே விட்டுவையுங்கள். அதன் மேல்விளிம்பில் 4 செ.மீ.க்கு ஒன்றாக ஜெம் கிளிப்புகளைப் பாதி வெளியே நிற்கும்படி செருகுங்கள். மேல் கௌலிங்கை மெதுவாக இறக்கி, ஸ்குரூ போடும் இடங்களில் அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். கௌலிங் தட்டிய கிளிப்புகள் எல்லாம் சரியான உயரத்துக்கு இறங்கியிருக்கும். அவற்றின் தலைகளை ஸ்கெட்ச் பேனாவால் கோடாக இணைத்து, அதற்கு 12 மி.மீ. கீழே இன்னொரு கோடு போட்டு வெட்ட வேண்டும். தகடே கௌலிங்கில் இடித்தால் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். ஒரே வெட்டில் முடிக்கப் பார்ப்பவர் தகட்டை இரண்டாம் முறை வாங்குவார். பக்கத் துண்டுகளுக்குப் பழைய காலண்டர் அட்டையில் முதலில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பாருங்கள். சிவகாசி தினசரிக் காலண்டரின் பின்னட்டை இதற்கென்றே செய்தது போல விறைப்பாக இருக்கும்.

ரப்பர் பட்டை

துணி உள்ளே வைத்த சிலிகோன் ரப்பர் வாங்க வேண்டும். 2.4 அல்லது 3.2 மி.மீ. தடிமன், சுமார் 75 மி.மீ. அகலம். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 3 மீட்டர் வாங்கினால் தவறு செய்யவும் கொஞ்சம் மிஞ்சும். துணி இல்லாத வெறும் ரப்பர் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு ஒருநாள் பின்னால் மடங்கிவிடும். லாரி டியூபை வெட்டிப் போடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். அது எண்ணெயில் ஊறி, சூட்டில் விறைத்து, கொஞ்ச நாளில் வெடித்துப் போகும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தகட்டின் மேல் 20 முதல் 25 மி.மீ. படிய வைத்து, மிச்சம் தகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். கௌலிங் மூடும்போது அந்த மிச்சம் வளைந்து, 15 முதல் 25 மி.மீ. வரை கௌலிங்கின் உள்பக்கத்தில் ஒட்டிப் படுக்க வேண்டும். இதைவிட நீளமாக விட்டால் மூடும்போது சுருக்கம் விழும். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நண்டு வளை.

எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதில் சமரசமே கிடையாது. அழுத்தம் உள்ள பக்கமாகத்தான் வளைய வேண்டும். பின்சுவரின் பட்டை முன்னோக்கிச் சாயும், பக்கச் சுவர்களின் பட்டை உள்நோக்கிச் சாயும். அப்போது உள்ளே நுழைகிற காற்றே பட்டையை கௌலிங்கோடு அழுத்திக்கொடுக்கும். வேகம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால் காற்று அதைக் கதவு மாதிரித் திறந்துகொண்டு போகும். மேல் கௌலிங்கை இறக்குகிறபோது ஒரு பட்டை பின்னால் மடங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும், வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. மூடிய பிறகு காற்று வாய் வழியாகக் கையை விட்டு விளிம்பு நெடுக ஒருமுறை தடவிப் பாருங்கள். கை எட்டாத மூலைக்கு செல்போன் கேமரா.

மூலைகள்தான் உண்மையான சோதனை. பக்கப் பட்டை உள்ளே சாய்கிறது, பின்பட்டை முன்னே சாய்கிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ரப்பர் மிஞ்சிப் போய் ஒன்றையொன்று முட்டும். ஒரே பட்டையை வளைத்து மூலையைக் கடக்கப் பார்த்தால் அங்கே முக்கோணமாக ஒரு துளை நிற்கும். தனித்தனித் துண்டாக வெட்டி, 25 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற விட வேண்டும். வளைவு கூடிய இடத்தில் பட்டையில் வெட்டு போடுவதும் தவிர்க்க முடியாது. அப்படிப் போட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் இன்னொரு துண்டு வைத்து மறைக்க வேண்டும். கூரையில் ஓடு வேய்வது போல, மேல் ஓட்டின் சந்து கீழ் ஓட்டின் நடுவில் விழ வேண்டும்.

பொருத்துவதற்கு 3.2 மி.மீ. பாப் ரிவெட், 30 முதல் 40 மி.மீ.க்கு ஒன்று. ரப்பர் பக்கம் அகல வாஷர் அல்லது நீளமான மெல்லிய அலுமினியப் பட்டி வைத்தே அடிக்க வேண்டும். இல்லையென்றால் ரிவெட் தலை ரப்பரைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். இரண்டு ரிவெட்டுக்கு நடுவே ரப்பர் தகட்டைவிட்டு எழும்பி நின்றால், பட்டி தேவை என்று அர்த்தம்.

சிலிகோன் பூச்சு: எங்கே, எவ்வளவு?

ஆர்டிவி, அதாவது சூடாக்காமலே இறுகும் சிலிகோன் ட்யூபைக் கையில் எடுத்ததும் எல்லா ஓட்டையும் அதற்குத்தான் என்று தோன்றிவிடும். எங்கள் கருத்தில் 3 மி.மீ.க்கு மேல் உள்ள எந்தச் சந்தையும் முதலில் தகட்டுத் துண்டு வைத்து அடைக்க வேண்டும், சிலிகோன் அதன் ஓரத்துக்கு மட்டும். பெரிய சந்தில் திணித்த சிலிகோன் அதிர்வில் விளிம்பிலிருந்து உரிந்து, முழுக்கட்டியாகக் கீழே விழும்.

சிலிகோன் தேவைப்படும் இடங்கள்: இன்ஜினின் நடு உடலான கிராங்க்கேஸைப் பேஃபிள் சந்திக்கும் வளைவு, இரண்டு தகடுகள் சேரும் மடிப்பு, பிளக் வயர் நுழையும் ரப்பர் வளையத்தை (க்ரோமெட்) சுற்றி, ஆயில் கூலர் தகட்டின் ஓரம், தகட்டை மடிக்கும் மூலையில் விட்ட சிறு வட்டத் துளைகள். இந்த வட்டத் துளைகளை எல்லோரும் மறப்பார்கள்.

வாங்கும்போது உயர்வெப்பம் தாங்கும் சிலிகோன்தானா என்று பாருங்கள். பிதுக்கியதும் வினிகர் வாசனை அடித்தால் அது உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை. அலுமினியத்துக்கும் வயர் முனைகளுக்கும் அது நல்லதல்ல. வாசனை அடிக்காத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். 3 மி.மீ. கனத்தில் ஒரு மீட்டர் பூச ஏறத்தாழ 9 மி.லி. ஆகும். ஆக 310 மி.லி. ட்யூப் ஒன்று முழு வேலைக்கும் தாராளம்.

பூசும் முறை. இடத்தை அசிட்டோன் நனைத்த பஞ்சுவராத துணியால் துடைத்து, அடுத்த துணியால் உலர்த்துங்கள். பெட்ரோலால் துடைத்தால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிச்சமிருக்கும், சிலிகோன் பிடிக்காது. சந்தின் இருபுறமும் 3 மி.மீ. தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ட்யூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, இழுக்காமல் தள்ளிக்கொண்டே போங்கள். அப்போதுதான் சந்துக்குள் இறங்கும். சோப்புத் தண்ணீரில் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, டேப்பை உடனே உரித்துவிட வேண்டும். நம் ஊர் உஷ்ணத்தில் பத்து நிமிடத்துக்குள் மேலே தோல் கட்டிவிடும். அதற்குப் பிறகு டேப்பை உரித்தால் விளிம்பெல்லாம் நாராக எழும்பும். ஆகவே ஒரு தடவைக்கு ஒரு மீட்டர்தான். ஆடிக் காற்றில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூச வேண்டாம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் வந்து சிவப்புப் பொடியாக ஒட்டிக்கொள்ளும். சிலிகோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. 24 மணி நேரம் விட்டுவையுங்கள். கனமாகப் பூசிய இடத்துக்கு இன்னும் ஒருநாள்.

கிராங்க்கேஸைத் தொடும் இடத்தில் ஒரு தந்திரம் உண்டு. கேஸ் மேல் முதலில் பிளாஸ்டிக் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டு, தகட்டு ஓரத்தில் மட்டும் சிலிகோன் வைத்துப் பொருத்துங்கள். காய்ந்ததும் சிலிகோன் தகட்டோடு நின்றுவிடும், டேப்பில் ஒட்டாது. கேஸின் வளைவுக்கு அச்சாக ஒரு ரப்பர் விளிம்பு கிடைத்துவிடும். அடுத்த முறை சிலிண்டரைக் கழற்ற வேண்டியிருந்தால் பேஃபிளைப் பிய்க்க வேண்டியதில்லை.

மூன்று இடங்களில் இதைத் தொடவே கூடாது. ஃபின் சந்துக்குள் ஒரு துளியும் போகக் கூடாது, போன இடம் போர்வை போர்த்திய மாதிரி சூடாகும். எரிபொருள் இணைப்புகளில் கூடாது, பெட்ரோலில் ஊதிப் பெருத்து, துணுக்குகள் கார்புரேட்டருக்குள் போய்விடும். இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள தீச்சுவரின் ஓட்டைகளுக்கும் கூடாது, அதற்குத் தீத்தடுப்பு சீலன்ட் தனியாக இருக்கிறது. அந்த ஓட்டைகள் வழியாகப் புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம்.

கீழே பார்க்க மறக்காதீர்கள்

மேல்விளிம்பை அழகாக அடைத்துவிட்டு, சிலிண்டர்களுக்கு நடுவே கீழே வரும் சிறு தகட்டைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். மேலிருந்து இறங்கும் காற்று சிலிண்டரின் பாதி வளைவு வரை ஒட்டி வந்துவிட்டு, பிறகு விலகி நேராக விழப் பார்க்கும். இந்தத் தகடு அதைத் தடுத்து, ஃபின்களின் அடிவயிறு வரை சுற்றி வர வைக்கிறது. ஃபின் விளிம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும். கொக்கிக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கும், கையால் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது.

லைக்கமிங் நான்கு சிலிண்டரில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. விமானியின் இடதுகை முன்பக்கத்தில் இருக்கும் 2-ஆம் சிலிண்டரின் முன்முகத்திலும், வலதுகைப் பின்பக்கத்தில் இருக்கும் 3-ஆம் சிலிண்டரின் பின்முகத்திலும் ஃபின்கள் ஆழமில்லாமல் இருக்கும். அங்கே பேஃபிள் தகடு ஒட்டி நின்றால் மடையையே அடைத்தது போல. ஒரு சில மி.மீ. தகட்டைத் தள்ளி நிறுத்த வாஷர் வைப்பார்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் தகட்டைப் புடைக்க விட்டு காற்றுக்கு ஒரு சிறு சந்து கொடுப்பார்கள். மூன்றாம் சிலிண்டர் மட்டும் சூடு காட்டினால் முதலில் இங்கே பாருங்கள்.

கேபின் ஹீட்டருக்காகப் பின் பேஃபிளிலிருந்து, சைலன்சரைச் சுற்றிய கவசத்துக்குக் காற்று கொண்டுபோகும் 50 மி.மீ. குழாய் எடுப்பார்கள். அது ஏறத்தாழ 20 சதுர செ.மீ. ஓட்டை. திருநெல்வேலியில் கேபின் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? எடுத்துவிட்டுத் துளையைத் தகடு வைத்து மூடலாம். ஆனால் குழாயை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கவசத்தை விட்டுவிடக் கூடாது, காற்றோட்டம் இல்லாமல் உள்ளே அளவுக்கு மீறிச் சுட்டுப்போகும். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் கார்புரேட்டர் ஹீட் வேறு, அதில் கைவைக்க வேண்டாம். குற்றாலச் சாரல் காலத்து ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்ட வெளியே குளிர் தேவையில்லை.

அடைப்பு சரியா என்று பார்ப்பது

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கௌலிங்கை மூடி, பளிச்சென்ற எல்இடி விளக்கு ஒன்றை அடிவாய்க்குள் விடுங்கள். முன்வாய்கள் வழியாக உள்ளே பாருங்கள். ஃபின் சந்துகளில் கோடுகோடாக வெளிச்சம் தெரியலாம், வேறெங்கும் தெரியக் கூடாது. மூலையில் ஒரு நட்சத்திரம் மின்னினால் அங்கே வேலை பாக்கி.

கையால் பிடித்துப் பார்க்க விரும்பினால் ஒரு முன்வாயை அட்டையும் டேப்பும் வைத்து மூடி, மற்றதில் வேக்குவம் கிளீனரின் ஊதும் குழாயைச் செருகுங்கள். மெல்லிய டிஷ்யூத் துண்டை அடிவாய்ப் பக்கமாக விட்டு எட்டுகிற சந்துகளில் நகர்த்தினால் ஒழுகும் இடம் காட்டிக்கொடுக்கும். ஊதுபத்திப் புகை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் அது மட்டும் வேண்டாம்.

பட்டை எங்கே தொடுகிறது என்பதை அறிய அதன் மேல்முகத்தில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி, கௌலிங்கை மூடித் திறந்தால் போதும். உள்கூரையில் வெள்ளைப் பட்டை முறியாமல் ஓட வேண்டும். பறக்கத் தொடங்கிய பிறகு பவுடரும் தேவையில்லை, ரப்பர் உரசிய கறுப்புத் தடமே சொல்லிவிடும். தடம் விட்டுப் போயிருக்கும் இடம் ஒழுகும் இடம்.

வெப்பமானி நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். நான்கும் ஒன்றாகச் சூடாகின்றன என்றால் அடிவாய் சிறிதா, எரிபொருள் கலவை மெலிந்துவிட்டதா, இக்னிஷன் டைமிங் முந்துகிறதா என்று பார்க்கலாம். ஒன்று மட்டும் தனியே ஏறினால் பெரும்பாலும் அதன் பக்கத்துப் பேஃபிள்தான். தரையில் ஓட்டிப் பார்க்கும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் அது மேற்கு. கயத்தாறு காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ, அந்தப் பக்கம்.

முதல் 10 மணி நேரப் பறப்புக்குப் பின் கௌலிங்கைத் திறந்து ரிவெட் வாஷர்கள், மூலை ஏற்றங்கள், கொக்கிக் கம்பிகள் மூன்றையும் பார்க்க வேண்டும். அதன்பின் ஆயில் மாற்றும்போதெல்லாம் பட்டையை ஒரு முறை வளைத்துப் பாருங்கள். விட்டதும் தானாக நிமிர்ந்தால் இருக்கட்டும். வளைந்தபடியே நின்றால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.